ஃப்ரீஸ் ஆன பிறகு ‘ஒரே ஒரு வசதி’ கேட்டால்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் ஒரு சிறிய நிறுவனம், நீங்கள் டீம் லீட். உரம், விதை, பூச்சிமருந்து விற்கும் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். சம்பா வியாபாரம் சூடு பிடிப்பதற்குள், செப்டம்பர் முதல் வாரத்தில் புதிய பதிப்பு கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகஸ்ட் 15 முதல் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று ஃப்ரீஸ் அறிவித்தீர்கள். பத்தாவது நாள் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது: பில் போட்டதும் அது விவசாயியின் வாட்ஸ்அப்புக்குத் தானாகவே போக வேண்டும். “ரெண்டு நாள் வேலைதானே?” நீங்கள் தயங்கியதும் மேனேஜர், “எதைச் சொன்னாலும் முட்டுக்கட்டை போடுறீங்க” என்று சொல்லிவிட்டார். சேர்ப்பதா, மறுப்பதா, மறுத்தால் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்க்காதீர்கள். ஆனால், “ஃப்ரீஸ் ஆயிடுச்சு சார்” என்பதைக் காரணமாகவும் சொல்லாதீர்கள். கேட்கிறவருக்கு அது சர்க்கார் ஆபீஸ் பதில் மாதிரிதான் இருக்கும். உண்மையான காரணம் வேறு. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன்.

முதலில் அந்த முட்டுக்கட்டை. நான் திருவாரூர்க்காரன் என்பதால் அந்தச் சொல் சும்மா போகவில்லை. ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன் எடை. வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருப்பார்கள், பின்னாலிருந்து தள்ள புல்டோசரும் உண்டு. திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. இத்தனையும் இருந்தும், சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகும் ஆட்கள் இல்லாமல் தேர் ஒரு வீதிகூடப் போகாது. தேர் நேராகப் போவதும், மூலையில் திரும்புவதும், கூட்டத்துக்கு முன்னால் நிற்பதும் அவர்கள் கையில்தான். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடங்கல். தேரடியில் அதுதான் ஸ்டியரிங். ரிலீஸ் நேரத்தில் உங்களுக்கு வந்திருப்பது அந்த வேலை. மேனேஜரிடம் இதைச் சொல்லச் சொல்லவில்லை, உங்கள் மனசாட்சிக்காகச் சொல்கிறேன்.

இப்போது என் சொந்தக் கதை. சில வருஷங்களுக்கு முன் கும்பகோணத்தில் நாலு பேர் குழுவாக வேலை பார்த்தோம். மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு நெல் கொள்முதல் செயலி எழுதிக் கொடுத்தோம். ஆலையின் ஆட்கள் கையில் ஆண்ட்ராய்டு போனோடு களத்துக்குப் போவார்கள். எடை போட்டு, ரகம், மூட்டைக் கணக்கு, விவசாயி பெயர் எல்லாவற்றையும் போனில் ஏற்றுவார்கள். பல ஊர்களில் சிக்னல் இருக்காது. அதனால் பதிவெல்லாம் போனிலேயே வரிசையாக நிற்கும், சிக்னல் கிடைத்ததும் ஒவ்வொன்றாக ஆபீஸ் சர்வருக்குப் போகும். குறுவை அறுவடை செப்டம்பரில் ஆரம்பிக்கும் என்பதால் ஆகஸ்ட் கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்தி, சோதனை மட்டும் செய்துகொண்டிருந்தோம்.

அப்போது ஆலை முதலாளி கூப்பிட்டார். “தம்பி, ஈரப்பதம் போட ஒரு இடம் வச்சுடுங்க. நம்ம ஆளுங்க கையில மீட்டர் இருக்கு. ஒரே ஒரு கட்டம்தானப்பா.” அவர் கேட்டதில் தப்பே இல்லை. அரசுக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பது டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். மழை பெய்தால் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி வருஷா வருஷம் கோரிக்கை எழும். வரம்பைத் தாண்டிய நெல்லை இவர் வாங்கி, அதற்கேற்ப எடையில் கழித்துக்கொள்வார். கணக்கில் அது ஏறாவிட்டால் நஷ்டம் அவருக்கு. நியாயமான தேவை, சின்ன வேலை. எங்கள் குழுவில் இளையவர் ஒன்றரை நாளில் முடித்துவிட்டார். நானும் பார்த்தேன், நன்றாகவே எழுதியிருந்தார். ஈரப்பதம் போடாமல் பதிவைச் சேமிக்க முடியாது என்று ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தார். நல்ல யோசனை என்று நானே பாராட்டினேன்.

பதிப்பு போன மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து போன். லோடு வந்து இறங்குகிறது, பதிவு வரவில்லை. மூன்று ஊர்களிலிருந்து இரண்டு நாள் கணக்கு காணோம். விஷயம் இதுதான்: செயலி புதுப்பிக்கப்பட்ட நேரத்தில் சில போன்களில் பழைய பதிவுகள் அனுப்பப்படாமல் வரிசையில் நின்றிருந்தன. அவற்றில் ஈரப்பதம் இல்லை. ஈரப்பதம் இல்லாத பதிவைச் சர்வர் ஏற்காது. வரிசையில் முதலில் நிற்பது போனால்தான் அடுத்தது போகும். ஆக, ஒரு பழைய பதிவு வாசலை மறித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னால் நல்ல பதிவுகள் எல்லாம் தேங்கிவிட்டன. ஒரு மடை அடைத்துக்கொண்டால் கடைமடை வரை காய்வது போலத்தான். திருத்தம் எழுத 20 நிமிஷம் ஆனது. அதை ஒவ்வொரு போனிலும் ஏற்ற பைக்கில் ஊர் ஊராகப் போனோம். இரண்டு நாள் நெல் போட்ட விவசாயிகள் பணத்துக்காக ஆலை வாசலில் நின்றதைப் பார்த்த பிறகு எனக்கு ‘ஒரே ஒரு கட்டம்’ என்ற வார்த்தையே ஆகாது.

இதில் முக்கியமான இடம் எது தெரியுமா? இந்தச் சூழ்நிலையை நாங்கள் ஏற்கனவே சோதித்திருந்தோம். பத்து நாளுக்கு முன், சிக்னல் இல்லாமல் போனை மூன்று நாள் வைத்து, பதிவுகளைச் சேர்த்து, செயலியைப் புதுப்பித்து, பிறகு சிக்னல் கொடுத்துப் பார்த்தோம். எல்லாம் ஒழுங்காகப் போனது. தாளில் டிக் அடித்தோம். ஈரப்பதக் கட்டம் வந்த பிறகும் அந்த டிக் அப்படியே இருந்தது. ஆனால் அது வேறு ஒரு நிரலுக்கு அடித்த டிக். புதிய கட்டத்தைச் சோதித்தோம், புதிய போனில், காலி வரிசையோடு. பழைய சோதனை செல்லாமல் போய்விட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஃப்ரீஸ் என்பதன் பொருள் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. வேலையை நிறுத்துவது அதன் நோக்கம் இல்லை. இதுவரை செய்த சோதனை செல்லுபடியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். புதிய வசதியின் விலை அதை எழுத ஆகும் நேரத்தில் இல்லை, அது எத்தனை டிக்குகளை அழிக்கிறது என்பதில் இருக்கிறது. ஆகவே “எவ்வளவு பெரிய வேலை?” என்று கேட்டால் எப்போதும் “சின்னதுதான்” என்ற பதில் வரும். “இது வந்தால் எந்தெந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறிவிடும்.

உங்கள் வாட்ஸ்அப் கோரிக்கையை இப்படி உரசிப் பார்க்கலாம். பில் சேமிக்கும் இடத்தில்தான் இதைக் கோர்க்க வேண்டும், அதாவது மென்பொருளின் நெஞ்சுக்கூட்டில். இணையம் இல்லாத நேரத்தில் பில் போட்டால் சேமிப்பு காத்திருக்குமா, போய்விடுமா? பில்லைத் திருத்தினால் மறுபடி செய்தி போகுமா? ரத்து செய்தால்? இரண்டாம் பிரதி எடுத்தால்? அப்புறம் போன் நம்பர். இப்போது அது கட்டாயம் இல்லாத கட்டமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியிருந்தால் ஒரு கடையின் தரவைத் திறந்து பாருங்கள். பாதிப் பேருக்குக் கடைக்காரரின் சொந்த நம்பர் இருக்கும், மிச்சப் பேருக்குப் பத்து ஒன்பது. பழைய நம்பர் வேறு யாரிடமோ போயிருக்கும். யார் எவ்வளவு கடனில் உரம் வாங்கினார் என்ற விவரம் பக்கத்து ஊர்க்காரர் போனில் போய் விழுந்தால், டீக்கடையில் அதற்கு வரும் வியாக்கியானத்தை நீங்கள் தாங்க மாட்டீர்கள்.

இதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் விஷயம். கையில் இல்லாததும் ஒன்று உண்டு. நிறுவனம் தானாக முந்திக்கொண்டு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் அதன் வாசக மாதிரியை வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். பெறுகிறவரின் சம்மதமும் வேண்டும். செய்திக்குக் கட்டணமும் உண்டு. அதைக் கடைக்காரர் கட்டுவாரா, நீங்களா? இவற்றில் எதுவும் டெவலப்பரின் இரண்டு நாளுக்குள் வராது. விற்பனைப் பிரிவு சொன்ன இரண்டு நாள் பொய்யில்லை. அது தட்டச்சு செய்யும் நேரம், அவ்வளவுதான்.

பெரிய திட்டங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்ப்பது பயன்படும், ஏனென்றால் அங்கே எல்லாம் வெளிப்படையாக நடக்கிறது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இயங்குதளமான டெபியனின் 12ஆம் பதிப்பு வந்த விதத்தைப் பாருங்கள். 2023 ஜனவரி 12இல், மற்ற பொதிகளை (அதில் அடங்கிய தனித்தனி மென்பொருள்களை) எல்லாம் அசைக்கக்கூடிய பெரிய மாற்றங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரி 12 முதல் புதிய பொதிகள் இல்லை, சின்னத் திருத்தம் மட்டும். மார்ச் 12 முதல் முக்கியமான பொதிகளில் எந்த மாற்றத்துக்கும் வெளியீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மே 24 முதல் எல்லாவற்றுக்கும். ஜூன் 10இல் வெளியீடு. ஒரே நாளில் கதவைச் சாத்தவில்லை, பலகை பலகையாக அடைத்தார்கள். அதற்குப் பிறகும் உள்ளே வர வழி உண்டு: என்ன மாறுகிறது என்பதைப் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தோடு எழுதி, ஏன் வேண்டும் என்று காரணமும் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த எழுத்து வேலையே பாதிக் கோரிக்கையை உதிர்த்துவிடும் என்பது என் அனுபவம். வாயால் கேட்பதற்குக் காசா பணமா.

லினக்ஸ் கணினிகளின் திரை முகப்பை உருவாக்கும் க்னோம் திட்டத்தில் இன்னொரு வகை உண்டு. நிரலுக்கு ஒரு ஃப்ரீஸ் மாதிரி, திரையில் தெரியும் சொற்களுக்கும் தனி ஃப்ரீஸ். அதற்குப் பிறகு ஒரு பொத்தானின் பெயரை மாற்றவும் மொழிபெயர்ப்புக் குழுவிடம் அனுமதி கேட்க வேண்டும். ஏன் என்று தமிழில் மொழிபெயர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசி நேரத்தில் வந்த ஒரே ஒரு ஆங்கில வரி, தமிழ்த் திரையில் அப்படியே ஆங்கிலமாக நிற்கும். இல்லையென்றால் அவசரத்தில் பெயர்த்த தமிழ் பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படும். உங்கள் மென்பொருள் தமிழில்தான் ஓடுகிறது என்றால் இதை மறக்காதீர்கள். “வாட்ஸ்அப்பில் அனுப்பு” என்பது ஒரு பொத்தானுக்கு நீளமான பெயர்.

சரி, திருத்தம் எது, வசதி எது? இங்கேதான் சண்டையே வரும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் விதி எளிமையானது. ஒவ்வொரு பதிப்புக்கும் புதியவற்றைச் சேர்க்க இரண்டு வாரம். அது முடிந்ததும் வாரம் ஒரு சோதனைப் பதிப்பு, ஏழோ எட்டோ வரும். அவற்றில் திருத்தம் மட்டும். 2025 ஜூனில் 6.16இன் மூன்றாம் சோதனைப் பதிப்பு நேரத்தில், பிகேஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைக்கு ஒரு புதிய மீட்பு வசதி வந்தது. தரவை இழந்த பயனர்களுக்கு அதைத் திரும்ப எடுத்துக் கொடுக்கும் வழி. தரவைக் காப்பாற்றுவது திருத்தம்தானே என்பது அதை எழுதியவர் பக்க வாதம். இது வசதி, திருத்தம் இல்லை என்பது மறுதரப்பு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஏற்றுக்கொண்டார், ஏற்றுக்கொண்டே, அடுத்த பதிப்பில் நாம் பிரிந்துவிடுவோம் போலிருக்கிறது என்றும் எழுதினார். பிறகு 6.18இல் அந்தக் கோப்பு முறைமையே கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. அந்த ஒரு வசதி மட்டும் காரணமில்லை, முந்தைய வருஷத்திலிருந்தே உரசல் இருந்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. தரவை இழந்து நிற்பவனிடம் “அடுத்த பதிப்பில் பார்க்கலாம்” என்று சொல்வது லேசில்லை. ஆனால் விதியைப் பொதுவில் வைத்த பிறகு ஒருவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தால், சொன்ன தேதியில் முடித்துவிட்டுக் காத்திருந்த மற்றவர்கள் ஏமாளிகள் ஆகிறார்கள். உங்கள் அலுவலகத்திலும் ஆகஸ்ட் 14 இரவு கண் விழித்து முடித்தவர்கள் இருப்பார்களே, அவர்கள் முகத்தையும் பார்க்க வேண்டும்.

நான் வைத்திருக்கும் கோடு இது. ஏற்கனவே சொன்னபடி நடக்காததை நடக்க வைத்தால் திருத்தம். இதுவரை யாருக்கும் சொல்லாததைச் செய்தால் வசதி, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும். கடைசி வாரத்தில் திருத்தத்துக்கும் வரம்பு உண்டு. அரிதாக வரும், சுற்றி வர வழி உள்ள பக்கை (நிரல் பிழையை)த் தெரிந்தே விட்டுவிட்டு, கடைக்காரர்களுக்கு ஒரு வரி எழுதிவிடுவது பல நேரம் மேல். நம் ஆட்களே செய்யும் கள்ளத்தனம் ஒன்றும் இதில் உண்டு. பக்கைத் திருத்தப் போன டெவலப்பர், பக்கத்தில் அசிங்கமாக இருந்த நிரலையும் சுத்தம் செய்துவிட்டு வருவார். நல்ல மனசுதான். ஆனால் ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்கு முன்னால்தான் ஆறு வாய்க்காலைத் தூர்வார வேண்டும். கல்லணையும் திறந்து தண்ணீர் வந்த பிறகு வாய்க்காலில் பொக்லைன் இறக்குவதை யாரும் நல்ல மனசு என்று சொல்ல மாட்டார்கள்.

சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறோம், எடுப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஃப்ரீஸ் காலத்தில் எடுக்கும் தைரியம்தான் பெரிய திட்டங்களிடம் எனக்குப் பிடித்தது. பைதான் என்ற நிரல் மொழியின் 3.13ஆம் பதிப்பில் நினைவகக் குப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளும் புதிய முறை உள்ளே போயிருந்தது. சிலருடைய நிரல்கள் அதனால் மெதுவாயின என்று தெரிந்ததும், வெளியீட்டுக்கு முந்தைய நாட்களில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் ஒரு மாற்றம்தானே? அதனால் 2024 அக்டோபர் 1இல் வர வேண்டிய பதிப்பை ஒரு வாரம் தள்ளி, இடையில் இன்னொரு சோதனைப் பதிப்பு விட்டு, 7ஆம் தேதி வெளியிட்டார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 15ஆம் பதிப்பிலும் அப்படித்தான். ஜேசன் என்ற தரவு வடிவம் தொடர்பான ஒரு பெரிய வசதித் தொகுப்பை 2022 செப்டம்பர் தொடக்கத்தில் உருவிவிட்டார்கள், அக்டோபரில் பதிப்பு வந்தது. உருவியதன் முக்கியமான பகுதி 2024இல், 17ஆம் பதிப்பில், பக்குவமாகத் திரும்பி வந்தது. உங்கள் பதிப்பிலும் இப்போது இழுத்துக்கொண்டிருக்கும் வசதி ஏதாவது இருந்தால், வாட்ஸ்அப்பைச் சேர்ப்பதா என்ற யோசனைக்கு முன் அதை எடுப்பதா என்று யோசியுங்கள்.

எப்போதுமே மறுக்க வேண்டுமா? இல்லை. பில்லிங் மென்பொருளில் இருக்கும் உங்களுக்கு 2025 செப்டம்பர் நினைவிருக்கும். 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி விகிதங்களை மாற்றியது, 22ஆம் தேதி முதல் அமல். நடுவில் 19 நாள். 12 சதவீத அடுக்கே போனது. டிராக்டர், சொட்டுநீர்ச் சாதனம், நுண்ணூட்டம், உயிரிப் பூச்சிக்கொல்லி என்று நம் ஊர்க் கடைகளில் புழங்கும் பல சரக்கு 5 சதவீதத்துக்கு வந்தது. அன்றைக்கு யாராவது “எங்களுக்கு ஃப்ரீஸ்” என்று சொல்லியிருந்தால் கடைக்காரர்கள் அடிக்க வந்திருப்பார்கள். சட்டம் மாறினால், பணம் தப்பாகக் கணக்கானால், பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால், தரவு அழிந்தால் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்துவிட்டு ரிலீஸ் தேதியையும் தள்ள வேண்டும் அல்லது அழிந்த டிக்குகளைத் திரும்ப அடிக்க ஆளைப் போட வேண்டும். தேதியும் நகரக்கூடாது, ஆளும் கிடையாது, வசதி மட்டும் வேண்டும் என்றால் அது கோரிக்கை இல்லை, வேண்டுதல்.

அந்த ஜிஎஸ்டி நேரத்தில் ஒரு வேடிக்கை கவனித்தேன். விகிதத்தை அமலாகும் தேதியோடு சேர்த்துத் தரவாக வைத்திருந்தவர்கள் ஒரு அட்டவணையை மாற்றிவிட்டுத் தூங்கப் போனார்கள். விகிதத்தை நிரலுக்குள் எழுதி வைத்திருந்தவர்கள், 22ஆம் தேதிக்கு முன் விற்ற சரக்கு 22க்குப் பின் திரும்பி வந்தால் எந்த விகிதத்தில் வரவு வைப்பது என்று விடிய விடிய முழித்தார்கள். கடைசி நேர மாற்றம் வலிக்குமா வலிக்காதா என்பது பல மாதத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

மேனேஜர் நடுவழி ஒன்று சொல்லக்கூடும்: “நிரலை உள்ளே வைத்துவிடலாம், ஒரு ஸ்விட்ச் போட்டு அணைத்து வைக்கலாம்.” கேட்க நன்றாக இருக்கும். முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்தால் நல்ல முறையும்கூட. கடைசி வாரத்தில் செய்தால், அணைத்து வைத்த நிலையையும் சோதிக்க வேண்டும், போட்ட நிலையையும் சோதிக்க வேண்டும், வேலை இரட்டிப்பாகும். நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதை இதற்கு நிரந்தர உதாரணம். 2012 ஆகஸ்ட் 1இல் ஒரு புதிய வசதியோடு சந்தைக்கு வந்தார்கள். பழைய, கைவிடப்பட்ட நிரல் ஒன்றுக்கு உரிய ஸ்விட்சையே புதியதற்கும் பயன்படுத்தியிருந்தார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் அந்த ஒன்றில் செத்துக் கிடந்த பழைய நிரல் எழுந்து வியாபாரம் செய்ய ஆரம்பித்தது. 45 நிமிஷத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். உங்கள் உரக்கடை மென்பொருளில் அவ்வளவு பணம் போகாது. ஆனால் ஸ்விட்ச் இருக்கிறது என்ற தைரியம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

இதையெல்லாம் விட உங்களுக்குச் சொல்ல நினைப்பது ஒன்று. உங்கள் கேள்வியில் அடுத்த பதிப்பு எப்போது என்ற தகவலே இல்லை. அங்கேதான் கோளாறு என்று தோன்றுகிறது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கும் பகல் நேரத்தில் யாரும் ஓடும் பஸ்ஸில் தொற்றுவதில்லை. இரவு கடைசி பஸ் என்றால் நல்லவரும் படிக்கட்டில் தொங்குவார். உங்கள் விற்பனைப் பிரிவு ஃப்ரீஸை மதிக்காத ஆட்கள் இல்லை. செப்டம்பரை விட்டால் அடுத்த ஆடிக்குத்தான் என்று அவர்களுக்குப் பயம். டெபியனே இதைப் பட்டுத்தான் கற்றது. 2002 ஜூலைக்குப் பிறகு அடுத்த பதிப்பு 2005 ஜூனில்தான் வந்தது, கிட்டத்தட்ட மூன்று வருஷம். அவ்வளவு நாள் இடைவெளி இருந்தால் யார்தான் அவசரமாகத் தன் பொருளை உள்ளே திணிக்க மாட்டார்?

ஆகவே திங்கட்கிழமை மேனேஜரிடம் போகும்போது மறுப்போடு மட்டும் போகாதீர்கள், ஒரு தேதியோடு போங்கள். செப்டம்பர் பதிப்புக்கான கிளையை, அதாவது நிரலின் ஒரு பிரதியை, தனியாகப் பிரித்துவிடுங்கள். அதில் திருத்தம் மட்டும், அதையும் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான். அந்த ஒருவர் யார் என்று பெயர் சொல்லி எழுதி வையுங்கள். ‘குழுவாக முடிவு செய்வோம்’ என்றால் சத்தம் போடுகிறவர் முடிவுதான் நிற்கும். வாட்ஸ்அப் வேலை முதன்மைக் கிளையில் இன்றைக்கே ஆரம்பிக்கட்டும், ஃப்ரீஸ் அதைத் தடுக்கவில்லை. சம்பா நட்ட பிறகு அக்டோபர், நவம்பரில் மேலுரத்துக்கு யூரியா வாங்க வரும் கூட்டம்தான் கடைகளுக்கு அடுத்த பெரிய அலை. அதற்கு முன், அக்டோபர் முதல் வாரத்துக்கு ஒரு சின்னப் பதிப்பு என்று தேதி குறியுங்கள். அதில் வாட்ஸ்அப்பும், செப்டம்பரில் கண்டுபிடித்த திருத்தங்களும் மட்டும் போகட்டும். அந்தத் தேதியை நீங்கள் காப்பாற்றியாக வேண்டும். ஒரு முறை தவறினாலும் அடுத்த ஆகஸ்டில் உங்கள் ஃப்ரீஸை எவரும் நம்ப மாட்டார்கள்.

பேசும்போது பயத்தைக் காட்ட வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். “இதைச் சேர்த்தால் பில் சேமிப்பு, ரத்து, திருத்தம், இணையமில்லா நேரம் ஆகிய நாலையும் திரும்பச் சோதிக்க வேண்டும். ரிலீஸ் அத்தனை நாள் தள்ளும். கடைக்காரர்களுக்கு எது முக்கியம் என்று நீங்களே சொல்லுங்கள் சார்.” எத்தனை நாள் என்பதை உங்கள் சோதனைத் தாளைப் பார்த்து எண்ணிக்கொண்டு போங்கள். முடிவு அவருடையது, விலைப்பட்டியல் உங்களுடையது. அதையும் மீறி “பரவாயில்லை, போடு” என்றால் போடுங்கள். ஆனால் தேதியை நகர்த்தி, என்ன சோதிக்கவில்லை என்பதை எழுதி, அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போடுங்கள். அந்த ஆலை விஷயத்தில் என்னிடம் அப்படி ஒரு வரி எழுத்தில் இல்லை. முதலாளி சத்தம் போட்டபோது நானும் அந்த இளையவரும்தான் நின்றோம்.

இடைக்காலத்துக்கு நிரலே வேண்டாத வழி ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பில்லை பிடிஎஃப் ஆக எடுக்கும் வசதி உங்கள் மென்பொருளில் ஏற்கனவே இருந்தால், கேட்கிற விவசாயிக்கு மட்டும் கடைக்காரர் தன் போனிலிருந்தே அனுப்பலாம். அதற்கு அரைப் பக்கக் குறிப்பும் ஒரு சின்ன வீடியோவும் போதும். அதை விற்பனைப் பிரிவையே செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதம் இப்படி ஓடினால் எத்தனை பேர் நிஜமாகவே கேட்கிறார்கள் என்றும், எத்தனை நம்பர் பொய் நம்பர் என்றும் தெரிந்துவிடும்.

மெட்டாவின் ஒப்புதலுக்கு மட்டும் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். வாசகத்தைத் தமிழில் எழுதி, பில் எண், தொகை, கடை பெயர் வரும் இடங்களைக் காலியாக விட்டுக் கொடுக்க வேண்டும். பாக்கித் தொகையை அந்தச் செய்தியில் சேர்க்கலாமா என்று கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.